பெட்டியின் பின்பக்கம்: கடைச் சூப்பும் கட்டுப்பாட்டு உணவும்

வயிறு கெட்டால் நம் வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது கஞ்சி, ரசம், இல்லையென்றால் ஒரு சூப். தெளிந்த சாறு குடலுக்கு இதம் என்பதில் யாருக்கும் ஐயம் வருவதில்லை. இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதும் அல்ல. அதைக் கட்டியாக்கி விற்கும் தொழிலுக்கு நூறு வயது கடந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் ஜூலியஸ் மேகி சூப் கியூபை 1908இல் சந்தைக்குக் கொண்டுவந்தார், இங்கிலாந்தின் ஆக்ஸோ கியூப் 1910இல் வந்தது. இன்று அட்டைப்பெட்டி, கியூப், பாக்கெட், பேஸ்ட் என்று எத்தனையோ வடிவங்கள்.

ஆனால் செரிமானக் கோளாறுக்காகக் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர் அடிக்கடி தடுக்கி விழுவதும் இதே சூப்பில்தான். அரிசியும் முட்டையும் கேரட்டும் எதையும் மறைப்பதில்லை. கொதித்து வடிகட்டிய சாற்றில் என்னென்ன கரைந்திருக்கிறது என்பதைக் கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியாது. பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியல் ஒன்றே துணை. அந்தப் பட்டியல் எவ்வளவு சொல்கிறது, எவ்வளவு சொல்லாமல் விடுகிறது, அதைப் படிப்பவர் எதைத் தேட வேண்டும் என்பவற்றை இங்கே பார்க்கலாம். 'வயிற்றுக்கு நல்ல சூப்' என்று பொதுவாக ஒன்று கிடையாது. எந்தக் கட்டுப்பாட்டை எதற்காகக் கடைப்பிடிக்கிறோம் என்று தெரிந்தால்தான் பட்டியல் பேசத் தொடங்கும்.

அமெரிக்கக் கடைகளில் விற்கும் சிக்கன் பிராத் பெட்டிகளில் பெரும்பாலும் இப்படியொரு வரியைப் பார்க்கலாம்: கோழி ஸ்டாக், உப்பு, இயற்கைச் சுவையூட்டி, கரும்புச் சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், வெங்காயத் தூள், பூண்டுத் தூள், செலரிச் சாறு. இந்த ஒரே வரியை மூன்று நோயாளிகள் மூன்று விதமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

முதலாமவருக்குக் குடல் எரிச்சல் நோய், அதாவது ஐ.பி.எஸ். மருத்துவர் அவரைக் குறை ஃபாட்மேப் உணவில் வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து புழக்கத்துக்கு வந்த சொல் ஃபாட்மேப். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சிறு மாவுச்சத்து மூலக்கூறுகள் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே நுண்ணுயிர்கள் அவற்றை நொதிக்க வைத்து வாயுவை உண்டாக்குகின்றன. எளிதில் வலி உணரும் குடல் உள்ளவருக்கு அதுவே உப்புசம், வலி, பேதி எல்லாம். இந்த மூலக்கூறுகளில் வெங்காயத்திலும் பூண்டிலும் கோதுமையிலும் இருக்கும் ஃப்ரக்டான் முக்கியமானது. ஆகவே இவர் கண் போக வேண்டிய இடம் வெங்காயத் தூளும் பூண்டுத் தூளும். சர்க்கரையும் மால்டோடெக்ஸ்ட்ரினும் இவரை ஒன்றும் செய்யாது.

இரண்டாமவருக்குக் குரோன் நோய். அவர் பின்பற்றுவது எஸ்.சி.டி. எனப்படும் குறிப்பிட்ட மாவுச்சத்து உணவுமுறை. நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ், சீலியாக் நோயுள்ள குழந்தைகளுக்கு வாழைப்பழம் கொடுத்துத் தேற்றிய அனுபவத்தை 1924இல் எழுதினார். அந்த வழியில் வந்தது இந்த உணவுமுறை. பின்னர் தம் மகளின் பெருங்குடல் புண்ணுக்காக ஹாஸைத் தேடிப் போன எலெய்ன் காட்ஷால் அதை நூலாக்கிப் பரப்பினார். இதில் ஸ்டார்ச், சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின் எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் தாராளமாகச் சேர்க்கலாம். முதலாமவர் கண்டுகொள்ளாத இரண்டு சேர்மானங்கள் இவருக்கு விலக்கு, முதலாமவர் அஞ்சியவை இவருக்கு உணவு.

மூன்றாமவர் சீலியாக் நோயாளி. நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் டிக் கோதுமையே காரணம் என்று 1950இல் தம் ஆய்வேட்டில் நிறுவிய நாள்முதல் இந்த நோய்க்குச் சிகிச்சை தெளிவாக இருக்கிறது: கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் வாழ்நாள் முழுக்கக் கூடாது. இவர் வெங்காயத்தையும் பொருட்படுத்த வேண்டாம், சர்க்கரையையும் பொருட்படுத்த வேண்டாம். ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் பார்லியிலிருந்து வந்ததா, நீராற்பகுத்த புரதம் கோதுமைப் புரதமா என்பவைதான் இவருடைய கேள்விகள். 'குளூட்டன் இல்லை' என்று அச்சிட்டிருந்தால் 10 லட்சத்தில் 20 பங்குக்கும் குறைவு என்று பொருள். பன்னாட்டு உணவுத் தரமும் ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஏற்றுக்கொண்ட அளவு அது.

இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால் நடக்கும் கேடு கொஞ்சநஞ்சமல்ல. குறை ஃபாட்மேப் உணவில் இருப்பவர் 'குளூட்டன் இல்லை' என்ற முத்திரையை நம்பி வாங்குவார். அதில் வெங்காயத் தூள் மூன்றாவது இடத்தில் இருக்கும். நார்வேயில் குளூட்டனால் தொந்தரவு என்று தாங்களே சொல்லிக்கொண்ட, சீலியாக் நோய் இல்லாத 59 பேரை வைத்து நடந்து 2018இல் வெளியான ஆய்வில், அறிகுறிகளைத் தூண்டியது குளூட்டன் அல்ல, ஃப்ரக்டான்தான் என்று தெரிந்தது. ஒரு நோய்க்கான முத்திரை இன்னொரு நோய்க்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எல்லா நிறுவனங்களும் ஏன் வெங்காயத்தையும் பூண்டையுமே போடுகின்றன? பதில் எளிது. அமெரிக்க வேளாண் துறையின் அளவுகோல்படி 135 பங்கு நீருக்கு ஒரு பங்கு புரதம் இருந்தாலே அதைப் பிராத் என்று விற்கலாம். ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம்கூடத் தேறாது. அவ்வளவு நீர்த்த சாற்றுக்கு ருசி எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். எலும்பையும் இறைச்சியையும் கூட்டினால் செலவு ஏறும். உப்பு, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், வெங்காயத் தூள், பூண்டுத் தூள் ஆகியவை மலிவாக வாய் நிறையும் சுவையைத் தருகின்றன. கோழியில் ஃபாட்மேப் இல்லை, ஆட்டு எலும்பில் இல்லை. சிக்கல் முழுக்கக் கோழியின் இடத்தை நிரப்ப வந்தவற்றில் இருக்கிறது.

இங்கே வேதியியல் ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்களும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழு வெங்காயத்தைச் சாற்றில் போட்டுக் கொதிக்கவிட்டுக் கடைசியில் எடுத்து எறிந்துவிட்டால் தீர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். வெங்காயம்தான் வெளியே போகிறது, ஃப்ரக்டான் சாற்றில் தங்கிவிடுகிறது. பெட்டியில் 'வடிகட்டியது', 'தெளிந்தது' என்று எழுதியிருப்பதற்கும் இதே கதிதான். மாறாக, பூண்டை எண்ணெயில் பொரித்து, பூண்டை எடுத்துவிட்டு எண்ணெயை மட்டும் பயன்படுத்தினால் மணம் வரும், ஃப்ரக்டான் வராது. பூண்டு எண்ணெய் குறை ஃபாட்மேப் சமையலின் பெரிய ஆறுதலாக இருப்பது இதனால்தான். நம் ஊர் ஆட்டுக்கால் சூப்பில் தட்டிப் போடும் சின்ன வெங்காயமும் பூண்டும் கோப்பையில் ஒரு துண்டுகூட விழாவிட்டாலும் சாற்றில் இருக்கின்றன. துவரம் பருப்பு வேகவைத்த தண்ணீரில் இறக்கிய ரசமும் அப்படித்தான். பருப்பில் உள்ள காலக்டன் என்ற ஃபாட்மேப்பும் நீரில் இறங்கும் இனம். டப்பாவில் அடைத்த பயறை வடித்துக் கழுவி அளவாகச் சாப்பிடலாம் என்று மொனாஷ் சொல்வதும், நாம் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டுவதும் ஒரே விதிக்கு உட்பட்டவை. தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறது. சூப்பிலோ அந்தத் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம்.

சரி, எவ்வளவு இருந்தால் தொந்தரவு? மொனாஷ் ஆய்வாளர்கள் வகுத்த வரம்பின்படி, காய்கறி போன்றவற்றில் ஒரு வேளைப் பரிமாறலுக்கு ஃப்ரக்டான் வகைச் சத்து 0.2 கிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலோருக்குத் தாங்கும். அவர்கள் அளந்த பச்சைப் பூண்டில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 17 கிராம் ஃப்ரக்டான் இருந்தது. மூன்று கிராம் எடையுள்ள ஒரு பல்லிலேயே அரை கிராம் வந்துவிடுகிறது. காயவைத்துத் தூளாக்கும்போது பூண்டின் எடையில் பாதிக்கு மேல் நீராகப் போய்விடுவதால், தூளில் செறிவு இரண்டு மடங்குக்கும் அதிகம். கணக்குப் போட்டால், அரை கிராம் பூண்டுத் தூளே வரம்பைத் தொட்டுவிடும். கால் டீஸ்பூன்கூட வராத அளவு அது.

பெட்டியில் பூண்டுத் தூள் எத்தனை கிராம் என்று யாரும் அச்சிடுவதில்லை. ஆனால் உச்சவரம்பை ஓரளவு கணிக்க ஒரு வழி இருக்கிறது, உப்பை அளவுகோலாக வைத்துக்கொள்வது. சேர்மானங்களை எடையில் கூடியதிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்துவது பெரும்பாலான நாடுகளில் பொது விதி. சத்து அட்டவணையில் சோடியம் எவ்வளவு என்று இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் எடை. ஒரு கோப்பையில் சோடியம் 800 மில்லிகிராம் என்றால் உப்பு 2 கிராம். பட்டியலில் உப்புக்குப் பின்னால் வரும் பூண்டுத் தூள் 2 கிராமைத் தாண்டாது என்பது மட்டும் நிச்சயம். குறை ஃபாட்மேப் உணவுக்காரருக்கு இந்த உறுதி போதாது. சோடியம் 140 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே உள்ள, அமெரிக்காவில் 'சோடியம் குறைந்தது' என்று விற்க அனுமதிக்கப்பட்ட பெட்டி என்றால் உப்பு 0.35 கிராம்தான். அதற்கும் பின்னால் பூண்டுத் தூள் இருந்தால், பூண்டு மட்டும் வரம்பை மீறாது என்று சொல்லலாம். கூடவே வெங்காயத் தூளும் இருந்தால் அந்த நிம்மதியும் போயிற்று. சாதாரணப் பிராத்தின் ஒரு கோப்பையே, உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் 2,000 மில்லிகிராம் சோடியத்தில் ஐந்தில் இரண்டு பங்கைத் தின்றுவிடுகிறது என்பதையும் இந்தக் கணக்கின் ஊடே கவனித்துக்கொள்ளுங்கள்.

இந்த வழிக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. அமெரிக்கப் பெட்டிகளில் 'கீழ்க்கண்டவை ஒவ்வொன்றும் 2 சதவீதம் அல்லது அதற்குக் குறைவு' என்றொரு தொடர் வரும். அதற்குப் பின்னால் வருபவை எடை வரிசையில் இருக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவிலும் 2 சதவீதத்துக்குக் குறைந்தவற்றுக்கு இந்தச் சலுகை உண்டு. கியூபில் இது பெரிய விஷயமல்ல. 10 கிராம் கியூபில் 2 சதவீதம் என்றால் 0.2 கிராம்தான். நீர்ப் பிராத்தில் நிலைமை வேறு. 240 மில்லி கோப்பையில் 2 சதவீதம் என்பது ஏறத்தாழ 5 கிராம். அவ்வளவு பூண்டுத் தூளை எந்த நிறுவனமும் போடாது, போட்டால் குடிக்க முடியாது. ஆனாலும் 'இரண்டு சதவீதத்துக்கும் குறைவுதானே' என்று ஆறுதல் கொள்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

அளவு தெரியாதது ஒரு குறை. பெயரே தெரியாமல் போவது அதைவிடப் பெரிய குறை. உணவுப் பெட்டிகளின் முத்திரைச் சட்டங்கள் ஒவ்வாமையை மனத்தில் வைத்து வளர்ந்தவை. ஒரு துளி நிலக்கடலை உயிரைப் பறிக்கும் என்பதால் அது நியாயமானதும்கூட. அமெரிக்கா 9 ஒவ்வாமைப் பொருள்களையும் ஐரோப்பா 14 பொருள்களையும் கட்டாயம் பெயர் சொல்லி எழுத வைக்கின்றன. ஐரோப்பியப் பட்டியலில் செலரிக்கு இடமுண்டு, வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் எங்கும் இடமில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெங்காயம், பூண்டு, செலரி மூன்றையும் மசாலா என்று ஏற்பதில்லை. ஆகவே 'மசாலாக்கள்' என்ற சொல்லுக்குள் அவற்றின் தூளை மறைக்க முடியாது, இது நல்ல விதி. ஆனால் சாறாகவோ வடிசாரமாகவோ சேர்ந்தால் 'இயற்கைச் சுவையூட்டி' என்ற போர்வைக்குள் நுழைந்துவிடலாம். இறைச்சி, கோழிப் பொருள்களைக் கவனிக்கும் வேளாண் துறையின் விதி இன்னும் தளர்வானது. பூண்டுத் தூளையும் வெங்காயத் தூளையும்கூட அது அந்தச் சொல்லுக்குள் அடக்க இடம் தருகிறது. கோழிப் பிராத் பெட்டியில் 'இயற்கைச் சுவையூட்டி' என்று கண்டால், கட்டுப்பாட்டின் முதல் வாரங்களில் இருப்பவர் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். பதில் வராதவரை அதை எடுத்த இடத்தில் வைத்துவிடுவதே சரி.

இந்தியாவில் கதை வேறு மாதிரி. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு முத்திரை விதிகள் மசாலாப் பொருள்களைப் பொதுப்பெயரில் குறிப்பிட அனுமதிக்கின்றன. நம் ஸ்பைசஸ் போர்டின் பட்டியலில் பூண்டும் ஒரு மசாலா. அமெரிக்கா மசாலா அல்ல என்று தள்ளியதை நாம் மசாலா என்று சேர்த்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே இங்கே விற்கும் சூப் பாக்கெட்டில் வெறுமனே 'மசாலாக்கள்' என்று போட்டிருந்தால் பூண்டு இருப்பதாகவே கொள்ள வேண்டும். பெரிய நிறுவனங்கள் பலவும் அடைப்புக்குறிக்குள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்கின்றன என்பது உண்மை, ஆனால் அதை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டிருக்கக் கூடாது. வயிற்று நோயாளிகளுக்காக ஒரே ஒரு திருத்தம் கேட்கலாம் என்றால் நான் கேட்பது இதைத்தான்: எந்த வடிவத்தில், எந்த அளவில் சேர்த்தாலும் வெங்காயத்தையும் பூண்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

அதுவரை இந்திய வாசகருக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. வெளிநாட்டார் பலருக்கு இது வாய்க்காது. ஜைனர்களுக்கென்று 'வெங்காயம் பூண்டு சேர்க்காதது' என்று அச்சிட்டு வரும் பொடிகளும் சூப் கலவைகளும் நம் கடைகளில் கிடைக்கின்றன. சமய நெறிக்காக உருவானவை குடல் நோயாளிக்கும் கைகொடுக்கின்றன. ஆனாலும் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்கக் கூடாது. பால் பவுடர் இருந்தால் லாக்டோஸ் வரும். கோதுமை மாவு கெட்டிப்படுத்தியாக இருக்கலாம். வெங்காயத்துக்குப் பதில் பெருங்காயம் இருக்கும். அது நல்ல மாற்றுதான், ஆனால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம், பிசினோடு கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்தது. ஒரு சிட்டிகையில் இருக்கும் கோதுமை ஐ.பி.எஸ். உள்ளவரைப் பாதிக்காது. சீலியாக் நோயாளி அரிசி மாவு கலந்ததைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

வீணாகப் பழி சுமப்பவையும் பட்டியலில் உண்டு. மோனோசோடியம் குளூட்டமேட் ஃபாட்மேப் அல்ல. 627, 631 என்ற எண்களில் வரும் சுவைகூட்டிகளும் அல்ல. கேரட், இஞ்சி, மிளகு, பிரிஞ்சி இலை பற்றிக் கவலையே வேண்டாம். காய்கறிப் பிராத்தில் காளானும் செலரியும் இருந்தால் மானிட்டால் என்ற வேறொரு ஃபாட்மேப் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 'நார்ச்சத்து நிறைந்தது' என்ற விளம்பரத்தோடு சிக்கரி வேரின் இனுலின் சேர்த்திருந்தால் அது ஃப்ரக்டானே.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பலன் இருக்கிறதா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. மொனாஷ் குழுவினர் 30 ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கு எல்லா உணவையும் தாங்களே சமைத்துக் கொடுத்து நடத்தி 2014இல் வெளியிட்ட சோதனையில், 100க்கு அளந்த அறிகுறிகளின் கடுமை வழக்கமான உணவில் 45 அளவில் இருந்தது, குறை ஃபாட்மேப் உணவில் 23 அளவுக்கு இறங்கியது. பாதியாகக் குறைவது சாதாரணமல்ல. ஆனால் சுவீடனில் 75 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், நேரத்துக்குச் சாப்பிடு, அளவாகச் சாப்பிடு, கொழுப்பையும் காப்பியையும் குறை என்ற பழைய அறிவுரையைப் பின்பற்றியவர்களில் 46 சதவீதத்தினருக்கும், குறை ஃபாட்மேப் உணவுக்காரர்களில் 50 சதவீதத்தினருக்கும் குணம் தெரிந்தது. குரோன் நோய்க்கு எஸ்.சி.டி.யையும் மத்தியதரைக்கடல் உணவையும் ஒப்பிட்டு 2021இல் வெளியான அமெரிக்கச் சோதனையிலும் ஆறு வாரத்தில் அறிகுறி தணிந்தவர்கள் முறையே 46.5, 43.5 சதவீதம். இந்த எண்களைப் பார்த்தபின், மால்டோடெக்ஸ்ட்ரின் ஒரு துளி பட்டுவிட்டதே என்று குரோன் நோயாளி இரவெல்லாம் விழித்திருப்பதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. சீலியாக் நோயாளியின் கதை வேறு. அங்கே விட்டுக்கொடுக்கவே இடமில்லை, துளியும் சிறுகுடலைச் சிதைக்கலாம்.

குறை ஃபாட்மேப் உணவின் கெடுபிடிக் காலம் இரண்டு முதல் ஆறு வாரம்தான். பெட்டிகளை இவ்வளவு நுணுக்கமாகப் படிக்க வேண்டியது அந்த வாரங்களுக்கு. அப்போது மொனாஷோ ஃபாட்மேப் ஃபிரெண்ட்லி என்ற அமைப்போ சோதித்து முத்திரை கொடுத்த பிராத் கிடைத்தால் வாங்கலாம். இல்லையென்றால் வீட்டிலேயே எலும்பு, கேரட், இஞ்சி, மிளகு, வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி, கடைசியில் ஒரு கரண்டி பூண்டு எண்ணெய் என்று செய்துகொள்வது எல்லா முத்திரைகளையும்விட நம்பகமானது. நிறையச் செய்து ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் கடைக் கியூபின் வசதியும் கிடைத்துவிடும்.

அதன்பின் உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் கட்டம் வருகிறது. இந்தக் கட்டத்தில் சிலர் பழைய பிராத் பெட்டியையே எடுத்துக் குடித்துச் சோதிக்கிறார்கள். அது சோதனையாகாது. அதில் வெங்காயம், பூண்டு, செலரி எல்லாம் தெரியாத அளவில் கலந்திருப்பதால், வயிறு வலித்தால் எது காரணம் என்றும் தெரியாது, வலிக்காவிட்டால் எது தாங்கியது என்றும் தெரியாது. உணவியல் நிபுணரின் துணையோடு, முதலில் பூண்டை மட்டும் சிறு அளவில் தொடங்கி மூன்று நாளில் கூட்டிப் பார்க்க வேண்டும். வயிறு அடங்கிய பிறகு வெங்காயத்தைத் தனியாக அதேபோல் பார்க்க வேண்டும். இரண்டும் எந்த அளவுவரை தாங்குகின்றன என்று தெரிந்துகொண்டவர் கடைப் பெட்டியைத் திரும்ப வாங்கி, அரைக் கோப்பையில் தொடங்கலாம்.